சிங்கி இறால் மலிந்தால் எதை வாங்கலாம், எதை விடலாம்

சிங்கி இறால் விலை இறங்கிவிட்டது என்று காசிமேட்டிலோ குளச்சலிலோ பேச்சு அடிபட்டால், பையை எடுத்துக்கொண்டு கிளம்புமுன் ஒரு கணக்குப் போட்டுவிடுங்கள். நம் கடலில் கிடைக்கும் சிங்கிக்கு அமெரிக்க லாப்ஸ்டர் போலப் பெரிய கொடுக்குகள் இல்லை. சதை என்று சொல்லத்தக்கது வாலில் மட்டும்தான். முழு எடையில் வால் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு; ஓட்டையும் குடலையும் நீக்கினால் ஒரு கிலோவுக்கு 300 கிராம் கையில் நின்றால் நல்ல சரக்கு. கிலோ 1,800 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் நீங்கள் தின்னும் சதை கிலோ 6,000 ரூபாய். அது 1,200க்கு இறங்கினால் சதை 4,000. அதே சந்தையில் கிலோ 500 ரூபாய்க்கு விற்கும் முழு இறாலை உரித்தால் பாதி தேறும், சதை கிலோ 1,000தான் ஆகிறது. ஆக, சிங்கி மலிந்தாலும் இறாலுக்கு மாற்றாக அன்றாடம் வாங்கும் பொருளாகிவிடாது. வழக்கமாக எட்டாத ஒன்று மாதத்தில் ஒருநாள் எட்டும், அவ்வளவுதான். அந்த ஒருநாளில் தப்பான சரக்கை வாங்கிவிடாமல் இருக்கத்தான் இந்த மதிப்பீடு.

விலை ஏன் இறங்குகிறது என்பது வாங்குபவருக்கு அவசியம் தெரிய வேண்டும், ஏனென்றால் காரணத்தைப் பொறுத்துச் சரக்கின் தரம் மாறும். கரையில் ஏலம் போகும் சிங்கியின் விலையை உள்ளூர்ச் சமையலறை தீர்மானிப்பதில்லை. உயிரோடு விமானம் ஏறிச் சீனாவுக்கும் தென்கிழக்கு ஆசிய நகரங்களுக்கும் போகும் சரக்கு இது. அங்கே வாங்குவது நின்றால் இங்கே விழும். 2020 ஜனவரியில் அதுதான் நடந்தது. சீனப் புத்தாண்டு அந்த வருடம் ஜனவரி 25. வருடத்தின் மிகப் பெரிய கிராக்கி நேரம். கொரோனாவால் உணவகங்கள் பூட்டிக்கிடக்க, உலகம் முழுக்க உயிர்ச்சரக்கு தேங்கியது. நியூசிலாந்தில் பிடித்த சிங்கியைத் திரும்பக் கடலிலேயே விட அரசு அனுமதி கொடுத்தது. அதே வருடம் நவம்பரில் சீனா ஆஸ்திரேலியச் சிங்கிக்குக் கதவை மூட, ஏற்றுமதியில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் சீனாவையே நம்பியிருந்த அந்நாட்டு மீனவர்கள் உள்ளூர்ச் சந்தைக்குத் திரும்பினார்கள். அந்தக் கிறிஸ்துமஸுக்கு ஆஸ்திரேலிய சூப்பர் மார்க்கெட்டில் சிங்கி சாதாரணக் குடும்பத்துக்கு எட்டும் விலைக்கு வந்தது. அந்தக் கதவு மறுபடி திறந்தது 2024 கடைசியில்தான்.

இப்படி ஏற்றுமதி நின்று விலை விழுந்தால் அது நமக்கு நல்ல செய்தி. விமானம் ஏற வேண்டிய முதல்தரச் சரக்கே உள்ளூர் ஏலத்துக்கு வருகிறது. பருவத்தால் விலை விழுந்தால் அப்படி இல்லை. கிழக்குக் கரையில் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. கன்னியாகுமரி மாவட்டத்தின் மேற்குக் கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. தடை முடிந்து படகுகள் மொத்தமாக இறங்கும் முதல் வாரங்களில் மீன் குவிகிறது, விலையும் தளர்கிறது. ஆனால் இழுவலையில் மற்ற மீனோடு நசுங்கி வந்த சிங்கியும் அதில் கலந்திருக்கும். நாட்டுப்படகில் சாயங்காலம் சிங்கி வலை போட்டு விடியலில் எடுத்து வந்த சரக்கு எப்போதும் ஒரு படி மேல். வாங்கும்போது எந்தப் படகு என்று கேட்பதில் தவறில்லை. இன்னொரு நாள்காட்டிக் கணக்கும் உண்டு: சீனப் புத்தாண்டுக்கு முந்தைய மூன்று நான்கு வாரம் வாங்காதீர்கள், முடிந்தபின் வாங்குங்கள். 2026இல் அது பிப்ரவரி 17, 2027இல் பிப்ரவரி 6. கிறிஸ்துமஸ் வாரத்தில் வாங்குவது காசைக் கரியாக்குவது.

இப்போது சரக்குக்கு வருவோம்.

தமிழகக் கரையில் அதிகம் பார்ப்பது நான்கு வகை. கரும்பச்சையோ பழுப்போ ஆன உடம்பில் சிறு வெள்ளைப் புள்ளிகளும், வால் கண்ணிகளில் அலை அலையாக நெளிந்த பள்ளமும் இருந்தால் அது, அறிவியல் பெயரில், பானுலிரஸ் ஹோமாரஸ். வீட்டுச் சமையலுக்கு இதற்கு ஈடு இல்லை: 300 முதல் 500 கிராம் வரை வரும், சதை இறுக்கம், நல்ல இனிப்பு. நீலப்பச்சை உடம்பு, கறுப்பும் வெளிர்மஞ்சளும் வளையம் போட்ட கால்கள், ஒரு கிலோவைத் தாண்டும் பருமன் என்றால் பானுலிரஸ் ஆர்னேட்டஸ். கண்ணுக்கு ராஜா. ஏற்றுமதிக்காரர்கள் முதலில் கை வைப்பதும் இதில்தான். ஆனால் பெரிய ஆண் சிங்கியில் தலைதான் பெருத்திருக்கும். எடைக்குக் கொடுக்கும் காசில் பெரும்பங்கு தலைக்கே போகும். சதையின் நாரும் தடிமன். விருந்தில் நடுவில் வைத்து அழகு பார்க்க இது சரி, காசுக்குச் சதை வேண்டும் என்றால் வேண்டாம். மூன்றாவது, வால் கண்ணி ஒவ்வொன்றிலும் குறுக்கே வெளிர் பட்டை ஓடும் பானுலிரஸ் பாலிஃபேகஸ். சேற்றுத்தரையில் வாழ்வது. சதை கொஞ்சம் மிருது, விலையும் குறைவாக இருக்கும். மசாலாவில் போட்டால் வித்தியாசம் தெரியாது, வெறும் உப்பில் அவித்தால் தெரியும். நான்காவது, நீள மீசையே இல்லாமல் தட்டையாக, முன்பக்கம் இரண்டு மண்வெட்டி போல இருப்பது. இதையும் சிங்கி என்றேதான் விற்பார்கள். வால் சிறியது, ஓடு தடித்தது. சுவையில் குறை சொல்ல முடியாது, ஆனால் மீசைச் சிங்கியின் விலையை இதற்குக் கொடுக்காதீர்கள்.

ஒரே எடையில் ஆணும் பெண்ணும் இருந்தால் பெண்ணை எடுங்கள், வால் அகலமாக இருக்கும். புரட்டிப் பாருங்கள்: கடைசி ஜோடிக் காலின் நுனியில் குட்டிக் கிடுக்கி இருந்தால் பெண்; வாலின் அடியில் இருக்கும் துடுப்புத் தகடுகளும் பெண்ணுக்குப் பெரியவை. அந்தத் தகடுகளில் ஆரஞ்சு நிறத்திலோ பழுப்பாகவோ முட்டைக் கொத்து ஒட்டியிருந்தால் கீழே வைத்துவிடுங்கள். எடையில் ஒரு பங்கு முட்டை, அதை யாரும் தின்னப் போவதில்லை. கடலுக்கும் நஷ்டம், உங்களுக்கும் நஷ்டம். குட்டிச் சிங்கியும் அப்படியே. ஏற்றுமதிக்கு 2003இல் மத்திய அரசு குறைந்தபட்ச எடை விதித்தது: ஹோமாரஸ் 200 கிராம், பாலிஃபேகஸ் 300, ஆர்னேட்டஸ் 500, தட்டைச் சிங்கி 150. விலை விழும் நாட்களில் இந்த அளவுக்குக் கீழே உள்ள பொடிச் சரக்கு கூறு கட்டி உள்ளூரில் கிடக்கும். மலிவாகத் தெரியும். 120 கிராம் சிங்கியில் கட்டைவிரல் அளவு சதை வரும். அதற்கு நல்ல இறாலே வாங்கலாம்.

நிஜமான மலிவு எங்கே இருக்கிறது என்றால், ஊனப்பட்ட உயிர்ச்சரக்கில். உயிரோடு ஏற்றுமதி செய்பவர்களுக்கு இரண்டு மீசையும் எல்லாக் காலும் முழுசாக இருக்க வேண்டும். வாங்குகிற ஊரில் தொட்டியில் விட்டு அழகு பார்த்துத்தான் விலை பேசுகிறார்கள். மீசை ஒடிந்தது, கால் போனது எல்லாம் கழிவு. வாலில் உள்ள சதைக்கும் மீசைக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. “அண்ணே, மீசை ஒடிஞ்சது உசிரோட இருக்கா?” என்று கேட்டால், நீங்கள் விவரம் தெரிந்தவர் என்று விற்பவருக்குப் புரிந்துவிடும். ஒரே ஒரு நிபந்தனை: உயிர் இருக்க வேண்டும். கால் போன இடத்தில் நீர் வடிந்து சீக்கிரம் சாகும், எனவே வாங்கிய சில மணி நேரத்தில் அடுப்பேற்றிவிடுங்கள்.

உயிர்ச் சிங்கியை முதுகில் பிடித்துத் தூக்கினால் வாலைப் படபடவென்று அடிக்க வேண்டும். வால் தொங்கினால் அது போய்க்கொண்டிருக்கிறது. செத்ததை ஐஸில் வைத்து விற்பது தப்பில்லை, எத்தனை நேரமானது என்பதுதான் கேள்வி. சிங்கி செத்தவுடன் தலைக்குள் இருக்கும் ஈரல் கரைந்து, அதிலுள்ள செரிமான நொதிகள் வாலுக்குள் கசிந்து சதையைக் கூழாக்கத் தொடங்கும். தலையும் வாலும் சேருமிடத்தில் உள்ள வெள்ளைத் தோலைப் பாருங்கள்: கண்ணாடி போல இருந்தால் நல்லது, மஞ்சளாகவோ கறுத்தோ இருந்தால், அழுத்தியதும் விரல் உள்ளே போனால், விடுங்கள். ஓட்டில் அங்கங்கே கறுப்புப் புள்ளி தட்டியிருப்பது காற்றுப் பட்டு நிறம் மாறுவது. அது மட்டும் இருந்தால் கெட்டுவிட்டது என்று அர்த்தமில்லை, பழையது என்று அர்த்தம். அம்மோனியா நெடி வந்தால் பேரமே வேண்டாம்.

பலர் தவறவிடும் சோதனை ஒன்று உண்டு. தலை ஓட்டின் இரண்டு பக்கத்தையும் விரலால் அமுக்குங்கள். கல் மாதிரி நின்றால் ஓடு முற்றியது. காகிதம் போல உள்வாங்கினால் சமீபத்தில் ஓடு கழற்றிய சிங்கி: உடம்பு முழுக்கத் தண்ணீர், புது ஓட்டுக்குள் சதை இன்னும் நிரம்பவில்லை. எடை தராசில் சரியாக இருக்கும், சட்டியில் பாதியாகச் சுருங்கும். அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் 2012 கோடையில் நடந்த பெரும் விலைவீழ்ச்சியும் இந்த மெல்லோட்டுச் சரக்கால்தான். கடல் வெதுவெதுப்பாகி, வழக்கத்துக்குப் பல வாரம் முன்பே லாப்ஸ்டர்கள் ஓடு கழற்றி, மொத்தமாகப் பொறிக்குள் வந்து விழுந்தன. மெல்லோடு தூரப் பயணம் தாங்காது, எனவே உயிரோடு தூர ஊர்களுக்கு அனுப்ப வழியில்லை. அந்த வருடத்தின் சராசரி படகுத்துறை விலை பவுண்டுக்கு 2.69 டாலர், 2021இல் அதே துறையில் 6.71 டாலர். சதைக்கணக்குப் போட்டுப் பார்த்தால், அன்று வாங்கியவர்களுக்குக் கிடைத்த லாபம் அந்த விலை காட்டிய அளவுக்கு இல்லை.

உயிரோடு வாங்கினால் கொண்டுபோகும் முறையில்தான் பாதிப் பேர் கெடுக்கிறார்கள். நேரடியாக ஐஸ் மேல் வைக்காதீர்கள். ஐஸ் உருகிய நல்ல தண்ணீர் செவுளில் புகுந்தால் செத்துவிடும். குழாய்த் தண்ணீரில் போட்டாலும் அதே கதி. கடல்தண்ணீரில் நனைத்த சாக்கிலோ செய்தித்தாளிலோ சுற்றி, தெர்மாகோல் பெட்டியில் வைத்து, உறைந்த தண்ணீர் பாட்டில் ஒன்றைத் துணியில் சுற்றி ஓரமாக வையுங்கள். மூடியில் சிறு ஓட்டை வேண்டும். நாலைந்து மணி நேரப் பயணம் தாங்கும்.

உறைந்த சரக்கு, அதாவது ஃப்ரோஸன் வால், நகரத்தில் இருப்பவர்களுக்கு நடைமுறையில் சிறந்த வழி. கூழாக்கும் ஈரல் தலையோடு போய்விடுகிறது, கழிவுக்குக் காசு கொடுக்க வேண்டியதில்லை. முழு சிங்கி கிலோ 1,200 என்றால், அதற்கு நிகரான வால் விலை 3,500 சுற்றி. இதைத் தாண்டி விலை சொன்னால் நீங்கள் கொடுப்பது பாக்கெட்டுக்கு. இதில் ஏமாற்று நடப்பது ஐஸ் பூச்சில். உறைந்த வால் காய்ந்துபோகாமல் இருக்க மேலே மெல்லிய நீர்ப்பூச்சு கொடுப்பது முறைதான். அது தடித்துப்போனால் தண்ணீரைச் சிங்கி விலைக்கு வாங்குகிறீர்கள். பாக்கெட்டைப் பிரித்து எடை போடுங்கள். குளிர்ந்த குழாய் நீரில் ஐஸ் பூச்சு கரையும்வரை மட்டும் காட்டி, உடனே துடைத்துத் திரும்ப எடை போடுங்கள். 500 கிராம் 450க்குக் கீழே இறங்கினால் அந்தக் கடையில் மறுபடி வாங்க வேண்டாம். செயலியில் வாங்கும்போது மொத்த எடை, நிகர எடை என்று இரண்டு எண் இருக்கும். விலையை நிகர எடையால் வகுத்துப் பாருங்கள், “தள்ளுபடி” பாதி நேரம் அங்கேயே மறைந்துவிடும். வாலில் வெளுத்த, காய்ந்த திட்டுகள் இருந்தால் ஃப்ரீஸரில் அடிபட்டது. வெந்தபின் பஞ்சு போல இருக்கும். உறைந்த முழு சிங்கியை மட்டும் நாங்கள் பரிந்துரைக்க மாட்டோம். தலையோடு உறைந்து தலையோடு உருகும்போது, ஐஸில் கிடந்த செத்த சிங்கிக்கு நேர்வதெல்லாம் இதற்கும் நேரும்.

உணவகத்தைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. கரையில் விலை விழுந்தால் மெனுவில் விழாது. மெய்னில் 2012இல் துறைவிலை தரையைத் தொட்டபோதும் பெரும்பாலான உணவகங்களின் தட்டு விலை அசையவில்லை. ஆளுக்கும் வாடகைக்கும் எண்ணெய்க்கும் கொடுப்பது குறையவில்லையே, ஃப்ரீஸரில் இருப்பதும் பழைய விலைக்கு வாங்கியது. “அன்றைய விலை” என்று போட்டிருக்கும் கடற்கரை உணவகங்களில் மட்டும் பேச இடமுண்டு. மூன்று கேள்வி கேளுங்கள்: சமைக்கும் முன் எடை எவ்வளவு, எடை போடும்போது பார்க்கலாமா, சமையல் கூலி தனியா சேர்த்தா. பாலாடையும் சீஸும் போர்த்திய தெர்மிடார் வேண்டாம். அது பழைய சரக்கின் போர்வை. அவித்தோ சுட்டோ வரச்சொல்லுங்கள். உயிரோடு வெந்த சிங்கியின் வால் உள்பக்கமாக இறுகச் சுருண்டிருக்கும். தட்டில் நீட்டிக்கிடந்தால் செத்து நேரமாகி அடுப்பேறியது. துண்டு போட்ட வறுவலில் பெரிய நன்னீர் இறால் கலந்து வருவதும் உண்டு. ஓட்டோடு கேட்டால் இந்தச் சந்தேகமே வராது.

வீட்டில் சமைப்பதுதான் மலிவின் பலனை முழுசாக வாங்கும் வழி, அதில் செய்யும் தவறு பெரும்பாலும் ஒன்றுதான்: அதிக நேரம் வேகவிடுவது. உயிர்ச் சிங்கியை முதலில் அரை மணி நேரம் ஃப்ரீஸரில் வைத்து மயக்குங்கள். பிறகு கண்களுக்கு நடுவே கத்தியைச் செங்குத்தாக இறக்குங்கள். மயங்காமல் கொதிநீரில் போட்டால் அடித்துக்கொண்டு காலை உதிர்க்கும், சதையும் விறைக்கும். அவிப்பதென்றால் லிட்டருக்கு 35 கிராம் உப்பு, நிறையத் தண்ணீர், மறுகொதி வந்ததிலிருந்து 300 கிராம் சிங்கிக்கு 7 நிமிடம், 500 கிராமுக்கு 10. எடுத்ததும் ஐஸ் தண்ணீரில் போடவில்லை என்றால் உள்சூட்டில் தொடர்ந்து வெந்து ரப்பராகும்.

வறுவலுக்கு முழுசாக அவிக்கக் கூடாது. கொதிநீரில் 60 முதல் 90 விநாடி காட்டினால் போதும், ஓட்டிலிருந்து சதை விட்டுக்கொடுக்கும். பச்சையாக உரித்தால் பாதி ஓட்டிலேயே ஒட்டிக்கொள்ளும். தலையும் வாலும் சேரும் பள்ளத்தில் கத்தியை விட்டுச் சுற்றிவந்து, திருகி இழுங்கள். குடலை எடுக்கப் பழைய கைப்பக்குவம் ஒன்று: அதே சிங்கியின் மீசையை ஒடித்து, தடித்த முனையை வாலின் கடைசித் துளையில் விட்டு, அரைச் சுற்றுத் திருகி இழுத்தால் முள்ளில் மாட்டிக் குடல் முழுசாக வந்துவிடும். வாலின் அடித்தோலைக் கத்தரிக்கோலால் இரண்டு ஓரமும் வெட்டிச் சதையை எடுத்து, ஓர் அங்குலத் துண்டு போடுங்கள்.

ஒரு கிலோ முழு சிங்கியில் தேறும் 300 கிராம் சதைக்கு நல்லெண்ணெய் இரண்டு மேசைக்கரண்டி, சோம்பு ஒரு தேக்கரண்டி, சின்ன வெங்காயம் 150 கிராம், இஞ்சி பூண்டு விழுது இரண்டு தேக்கரண்டி, ஒரு சிறு தக்காளி, மிளகாய்த்தூள் ஒரு தேக்கரண்டி, கறிவேப்பிலை இரண்டு கொத்து, ஒன்றிரண்டாக இடித்த மிளகு இரண்டு தேக்கரண்டி. மசாலாவை எண்ணெய் பிரியும்வரை முதலில் முழுசாக முடித்துவிட்டு, சதையைக் கடைசியில் போட்டு, தீயைக் கூட்டி 3 நிமிடம், மிஞ்சினால் 4. மூடி போடாதீர்கள், நீர்விட்டுப் புழுங்கிவிடும். எலுமிச்சையோ புளியோ போட்டு முன்கூட்டி ஊறவைக்காதீர்கள். புளிப்பிலேயே மேல்புறம் வெளுத்து இறுகிவிடும், அடுப்பில் இரண்டாவது முறை இறுகும். எலுமிச்சை இறக்கிய பிறகு. இறால் ஒத்துக்கொள்ளாதவர்களுக்குச் சிங்கியும் ஒத்துக்கொள்ளாது, ஒவ்வாமையைத் தூண்டும் புரதம் இரண்டிலும் ஒன்றே.

கிலோவுக்கு 700 கிராம் தலையும் ஓடும் மிஞ்சுகிறதே, அதற்கும் காசு கொடுத்திருக்கிறீர்கள். தலையைப் பிளந்து, கண்ணுக்குக் கீழே உள்ள மணல்பையையும் இரண்டு பக்கச் செவுளையும் எடுத்து எறியுங்கள். செவுள் இருந்தால் சாறு கசக்கும். கடுகு நிற ஈரலைக் கொஞ்சமாகச் சேர்க்கலாம், உலோகக் கழிவுகள் தங்கும் இடம் என்பதால் குழந்தைகளுக்கு வேண்டாம். மிச்சத்தை இடித்து, எண்ணெயில் சிவக்க வதக்கி, ஒன்றரை லிட்டர் தண்ணீர் விட்டு 25 நிமிடம் மட்டும் கொதிக்கவிட்டு வடிகட்டுங்கள். அதற்கு மேல் கொதித்தால் சுண்ணாம்பு வாடை ஏறும். பூண்டு, மிளகு, சீரகம் தட்டிப்போட்டு ரசமாக்கினால் நாலு பேருக்குக் காணும். உறையவைத்தால் ஒரு மாதம் கழித்து இறால் குழம்புக்குத் தண்ணீருக்குப் பதிலாக ஊற்றலாம்.